படையோடு செல்லும் சட்டம்



பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார். மருத்துவமனையில் டாக்டர் இருக்கிறார். தோட்ட ஆபீசில் கிராணி இருக்கிறார். அவரவர்க்கு என்ன வேலை என்று நமக்குத் தெரியும். ஆனால், இராணுவத்திலும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால், துப்பாக்கி பேசுகிற இடத்தில் சட்டம் படித்தவருக்கு என்ன வேலை என்று கேட்கத்தானே தோன்றும்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று எண்ணி வானொலியை மூடிவிட வேண்டாம். நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றி 12 ஆண்டுகள் இப்படிப்பட்ட ஒரு போர் நடந்தது. நம்முடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் அதன் நடுவே வாழ்ந்தார்கள். முள்கம்பி வேலிக்குள் படுத்து உறங்கினார்கள். ஊரடங்கு நேரம் முடிந்த பிறகே பால்வெட்டுக்குப் புறப்பட்டார்கள். கதவைத் தட்டுகிற சிப்பாய்க்கு என்ன செய்ய அனுமதி உண்டு, என்ன செய்ய அனுமதி இல்லை என்பது அன்று அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். இரண்டு நாடுகள் போர் செய்யும்போது இரு பக்கமும் சீருடை இருக்கும். எதிரி யார், பொதுமகன் யார் என்று ஓரளவு பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரு நாட்டுக்குள்ளேயே ஆயுதக் கிளர்ச்சி மூளும்போது நிலைமை வேறு. கிளர்ச்சிக்காரர் காட்டில் ஒளிந்திருப்பார். இருட்டிய பிறகு சாதாரண உடையில் ஊருக்குள் வருவார். அரிசி கேட்பார், மருந்து கேட்பார், சந்தா கேட்பார். கொடுக்க மறுத்தால் அவர் சுடுவார். கொடுத்தால் மறுநாள் அரசாங்கம் பிடிக்கும். ஊர்மக்கள் இரண்டு பக்கமும் இடிபடுகிற மத்தளம் போல் ஆகிவிடுவார்கள்.

சிப்பாயின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நேற்று அவருடைய தோழர் பதுங்கித் தாக்கியவர்களின் குண்டுக்கு இரையாகியிருப்பார். இன்று அவர் ஒரு கிராமத்துக்குள் நுழைகிறார். அங்கே நிற்கிறவர்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அவருக்குத் தெரியாது. அவர்கள் பேசும் மொழியும் புரியாது. கையில் துப்பாக்கி இருக்கிறது. மனத்தில் பயமும் கோபமும் இருக்கின்றன. கன்று நட்ட வயலில் லாலான் புல்லை அழிக்கப் போனவன், ஆத்திரத்தில் கன்றுகளையும் சேர்த்து வெட்டிவிட்டால் தோட்டம் என்ன ஆகும்? கிளர்ச்சியை அடக்கப் போன படை ஊர்மக்களைக் கொன்றால் அதே கதிதான். இந்த இடத்தில்தான் சட்டம் தேவைப்படுகிறது.

நம் நாட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1948 ஜூன் 16 ஆம் நாள், பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டிப் பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆயுதப் படையினருக்கும் அரசாங்கத்துக்கும் இடையே தொடங்கிய அந்தப் போராட்டத்தில், அவசரகாலம் 1960 ஜூலை 31 ஆம் நாள்தான் முடிவுக்கு வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அன்று மலாயாவில் இராணுவ ஆட்சி அறிவிக்கப்படவில்லை. சிவில் அரசாங்கத்துக்குத் துணையாகவே படைகள் வந்தன. பிடிபட்டவர்கள் மீதான வழக்குகள் சாதாரண நீதிமன்றங்களில் நடந்தன. சட்டங்களோ மிகக் கடுமையானவை. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. விசாரணை இல்லாமலே ஒருவரைத் தடுத்து வைக்கலாம். எல்லாருக்கும் அடையாளக் கார்டு கட்டாயம். 1950 ஆம் ஆண்டு முதல், ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, காட்டோரங்களில் குடியிருந்த ஏறக்குறைய 5 இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலி போடப்பட்டன.

அந்தச் சட்டத்தின் கடுமையை நம் தமிழ்த் தொழிலாளர்களும் அறிந்தார்கள். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். 1949 மார்ச் மாதம் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசாங்கம் அவருக்காகப் பரிந்து பேசியது. ஆயினும், மே மாதம் 4 ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றி இன்றும் பலவிதமாகப் பேசுகிறார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். அவர் மீது ஒரு குற்றச்சாட்டு இருந்தது, ஒரு நீதிமன்றம் இருந்தது, ஆவணம் இருந்தது. அதனால்தான் அந்தத் தண்டனை நியாயமா, இல்லையா என்று இன்றும் நம்மால் விவாதிக்க முடிகிறது. அதே காலத்தில், எந்த நீதிமன்றத்தையும் பார்க்காமலே 24 பேர் மடிந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு.

அது சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங்காலிக்கு அருகில், சுங்கை ரெமோக் என்னும் ரப்பர்த் தோட்டத்தில் நடந்தது. 1948 டிசம்பர் 11 ஆம் நாள் மாலை, ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்னும் பிரிட்டிஷ் படைப்பிரிவின் ரோந்துக் குழு ஒன்று அங்கே இருந்த சீனத் தொழிலாளர் குடியிருப்புக்குள் நுழைந்தது. ஆண்களைத் தனியாகவும், பெண்களையும் பிள்ளைகளையும் தனியாகவும் பிரித்தார்கள். அன்றே ஓர் இளைஞர் சுடப்பட்டார். மறுநாள் காலை பெண்களும் பிள்ளைகளும் லாரியில் ஏற்றப்பட்டனர். அதன் பிறகு ஆண்கள் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. இறந்தவர்கள் தப்பி ஓட முயன்றார்கள், அதனால் சுட நேர்ந்தது என்று அரசாங்கம் அறிவித்தது. அவர்கள் கையில் ஆயுதம் இருக்கவில்லை.

அன்று சட்டம் எங்கே போயிற்று? சில வாரங்கள் கழித்து, 1949 ஜனவரியில் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? அவசரகால விதிகளில் 27 ஏ என்று ஒரு புதிய விதி சேர்க்கப்பட்டது. கைதி தப்பி ஓடுவதைத் தடுக்கத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம் என்று அது கூறியது. இனிமேல் நடப்பதற்கு மட்டும் என்று நிறுத்தாமல், முன்பே நடந்தவற்றையும் செல்லும் என்று ஆக்கியது. எந்தச் சிப்பாய் மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை.

21 ஆண்டுகளுக்குப் பிறகு, 1970 ஆம் ஆண்டு தொடக்கத்தில், அந்தக் குழுவில் இருந்த முன்னாள் சிப்பாய்கள் சிலர், யாரும் தப்பி ஓடவில்லை என்றும் கட்டளைப்படியே சுட்டோம் என்றும் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையிடம் உறுதிமொழி கொடுத்துக் கூறினார்கள். இலண்டன் போலீசார் விசாரணையைத் தொடங்கினர். அதே ஆண்டில் ஆட்சி மாறிய பிறகு, போதிய சாட்சியம் கிடைக்காது என்று அது கைவிடப்பட்டது. இறந்தவர்களின் குடும்பத்தார் விடவில்லை. இலண்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 2015 நவம்பரில் அந்த நீதிமன்றம், பொது விசாரணை நடத்துமாறு அரசுக்கு உத்தரவிட மறுத்துவிட்டது. நடந்து மிக நீண்ட காலம் ஆகிவிட்டது என்பது அதற்கு முக்கியமான காரணம். 2018 ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அந்த மனுவை ஏற்கவில்லை.

நேயர்களே, இங்கே நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. சட்டம் தெரிந்தவர் சுடுவதற்கு முன் பக்கத்தில் இருந்தால் உயிரைக் காப்பாற்றலாம். எல்லாம் முடிந்த பிறகு வந்தால், நடந்ததை மூடி மறைக்கவும் அதே சட்ட அறிவைப் பயன்படுத்த முடியும். எனவே, சட்டம் தெரிந்தவர் எப்போது வருகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்பதைப் பொறுத்தே அவரால் வரும் நன்மையும் தீமையும் அமைகின்றன.

மலாயாவில் அதிகாரியாகப் பணி செய்த ராபர்ட் தாம்சன் என்பவர், பிற்காலத்தில் தென் வியட்நாம் அரசுக்கு ஆலோசனை கூறும் பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைவராகச் சென்றார். கிளர்ச்சியை அடக்குவதற்கு 5 கொள்கைகளை வகுத்து 1966 ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். அவற்றில் இரண்டாவது கொள்கை, அரசாங்கம் சட்டத்துக்கு உட்பட்டே நடக்க வேண்டும் என்பது. கடுமையான சட்டம் இருக்கலாம். ஆனால் அரசாங்கமே சட்டத்தை மீறினால், அரசாங்கத்துக்கும் கிளர்ச்சிக்காரருக்கும் என்ன வேறுபாடு என்று மக்கள் கேட்பார்கள் என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் உண்மையை அவர் பணி செய்த வியட்நாமிலேயே உலகம் கண்டது.

வியட்நாமில் அமெரிக்கப் படையின் தலைமையகத்தில் ஜார்ஜ் புரூ என்னும் கர்னல் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்தார். பிடிபட்ட வியட்காங் போராளிகளைத் தென் வியட்நாம் அரசு வெறும் குற்றவாளிகளாகவே நடத்திவந்தது. அவர்களையும் 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க்கைதிகளைப் போல நடத்த வேண்டும் என்று புரூ வற்புறுத்தினார். எதிரிக்கு ஏன் இந்தச் சலுகை என்று பலர் கேட்டிருப்பார்கள். அதற்கு அறநெறியும் காரணம். அதைவிட நடைமுறை சார்ந்த காரணமும் உண்டு. நம் ஆட்களும் அவர்கள் கையில் கைதிகளாக இருக்கிறார்கள். நாம் அவர்களுடைய ஆட்களை அடித்துக் கொன்றால், நம் பிள்ளைகளை அவர்கள் எப்படி நடத்துவார்கள்? இந்த முயற்சி பலித்தது. கைதிகளுக்கு முகாம்கள் கட்டப்பட்டன. எதிரியைப் பிடித்தால் எப்படி நடத்த வேண்டும் என்று அச்சடித்த சிறு அட்டைகள் சிப்பாய்களுக்கு வழங்கப்பட்டன.

ஆனால், அட்டை சட்டைப் பையில் இருந்தால் மட்டும் போதாது. 1968 மார்ச் 16 ஆம் நாள் காலை, மை லாய் என்னும் கிராமத்துக்குள் அமெரிக்கக் காலாட்படைக் கம்பெனி ஒன்று நுழைந்தது. அவர்களை எதிர்த்து யாரும் சுடவில்லை. முதியவர்கள், பெண்கள், பால்குடிக் குழந்தைகள் என்று பாராமல் கொன்று குவித்தார்கள். அமெரிக்கக் கணக்கின்படி 347 பேர் இறந்தனர். வியட்நாமியர் 504 பேர் என்கிறார்கள். அன்று ஹியூ தாம்சன் என்னும் ஹெலிகாப்டர் விமானி மேலிருந்து இதைக் கண்டார். ராபர்ட் தாம்சனுக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர உறவு இல்லை. ஓடி ஒளிந்த கிராமத்தாருக்கும் துரத்தி வந்த சிப்பாய்களுக்கும் நடுவே இவர் ஹெலிகாப்டரை இறக்கினார். நம் ஆட்கள் இந்த மக்களைச் சுட்டால், நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று தம் கூட்டாளிகள் இருவருக்கும் கட்டளையிட்டார். பதுங்கியிருந்தவர்கள் சிலரை வேறு ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பிக் காப்பாற்றினார். அவர் சட்டம் படித்தவர் இல்லை. சட்டம் எதற்காக இருக்கிறதோ, அதை அவர் மனம் அறிந்திருந்தது.

உண்மை ஓராண்டுக்கு மேல் மறைக்கப்பட்டது. வெளிவந்த பிறகு வில்லியம் காலி என்னும் லெப்டினன்ட் மீது இராணுவ நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடியவர் ஆப்ரே டேனியல் என்னும் இளம் கேப்டன். அவரும் இராணுவ வழக்கறிஞர். மேலதிகாரி கட்டளையிட்டார், நான் செய்தேன் என்றார் காலி. சாதாரண அறிவுள்ள எந்த மனிதனும் இது தவறு என்று உணரக்கூடிய கட்டளையாக இருந்தால், அதைக் காரணம் காட்டித் தப்ப முடியாது என்று நீதிபதி விளக்கினார். 1971 மார்ச் 29 ஆம் நாள், குறைந்தது 22 பேரைக் கொன்ற குற்றத்துக்குக் காலி குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பளித்த 6 பேரும் இராணுவ அதிகாரிகளே.

ஆனால், அமெரிக்க மக்களில் ஏராளமானோர் காலிக்காகக் கண்ணீர் விட்டனர். அவரைச் சிறையிலிருந்து எடுத்து அவருடைய குடியிருப்பிலேயே காவலில் வைக்கும்படி அதிபர் நிக்சன் உத்தரவிட்டார். அப்போது, கேப்டன் பதவியில் இருந்த அந்த இளைஞர் டேனியல், நாட்டின் அதிபருக்கே கடிதம் எழுதினார். ஆயுதமில்லாத பெண்களையும் குழந்தைகளையும் கொல்வது சட்டத்துக்குப் புறம்பானது என்னும் எளிய உண்மையை நாட்டின் தலைவர்களே காணத் தவறியது கண்டு வருந்துவதாக எழுதினார். கடிதம் பத்திரிகைகளில் வந்தது. ஆயினும் ஆயுள் தண்டனை 20 ஆண்டாகி, பிறகு 10 ஆண்டாகி, 1974 ஆம் ஆண்டிலேயே காலி வெளியே வந்துவிட்டார். மை லாய் கொலைகளுக்காகத் தண்டனை பெற்றவர் அவர் ஒருவரே.

அப்படியானால் டேனியல் பட்ட பாடெல்லாம் வீண்தானா? வீண் போகவில்லை. அதே 1974 ஆம் ஆண்டு, படையினர் அனைவருக்கும் போர்ச் சட்டத்தைக் கற்பிக்க வேண்டும், மீறல் நடந்தால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சு விதி செய்தது. தாக்குதல் திட்டங்களைச் சட்ட அதிகாரிகள் முன்கூட்டியே படித்துப் பார்க்கும் வழக்கம் அதன் பிறகு வளர்ந்தது. 1977 ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான கூடுதல் ஒப்பந்தத்தின் 82 ஆவது விதி, தளபதிகளுக்கு ஆலோசனை கூறச் சட்ட ஆலோசகர்கள் இருக்க வேண்டும் என்று கூறியது. முன்பெல்லாம் குற்றம் செய்த சிப்பாயை விசாரிப்பதே இராணுவ வழக்கறிஞரின் பெரிய வேலையாக இருந்தது. அதன் பிறகு அவர் தளபதியின் பக்கத்தில், வரைபடம் விரித்த மேசைக்கு அருகில் வந்து உட்கார்ந்தார்.

அங்கே அவர் செய்கிற வேலைகள் என்ன? நமக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்ப்போம்.

முதல் வேலை, முன்கூட்டியே கேள்வி கேட்பது. இந்த வீட்டில் ஆயுதம் இருப்பதாகச் சொன்னவர் யார்? அவருக்கும் வீட்டுக்காரருக்கும் பழைய பகை உண்டா? பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா? பீரங்கியால் தாக்காமல் ஆட்களை அனுப்பிப் பிடிக்க முடியாதா? இப்படிக் கேட்டு, எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது என்னும் விதிகளைச் சிப்பாய்க்குப் புரியும்படி எழுதித் தருவது.

இரண்டாவது வேலை, கற்பிப்பது. படித்த அதிகாரிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கடைசி வரிசையில் நிற்கும் 19 வயதுப் பையனுக்கும் தெரிய வேண்டும்.

மூன்றாவது வேலை, கைதிகளைக் கவனிப்பது. பிடிபட்டவர் பெயர் பதிவாயிற்றா? குடும்பத்துக்குத் தெரியுமா? தண்ணீரும் சாப்பாடும் கிடைக்கிறதா? எந்தச் சாட்சியத்தின் பேரில் பிடித்தார்கள்? எந்த நீதிமன்றத்துக்கு அனுப்புவது? எதிரி என்று தெரிந்தாலும் கைதியைச் சித்திரவதை செய்யக்கூடாது. உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும்படி 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களின் 3 ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது.

நான்காவது வேலை, நட்ட ஈடு. இராணுவ லாரி மோதி மாடு செத்துவிட்டால், வேலி உடைந்துவிட்டால், ஏழை விவசாயி யாரிடம் போய்க் கேட்பார்? அமெரிக்கப் படைகள் வெளிநாட்டில் விளைவிக்கும் இப்படிப்பட்ட சேதத்துக்கு ஈடு கொடுக்க 1942 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. அந்த மனுக்களை விசாரிப்பவர்கள் இராணுவ வழக்கறிஞர்கள். சண்டையில் ஏற்பட்ட சேதத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதற்காக, உள்ளூர் வழக்கத்தையொட்டித் துக்கம் தெரிவித்துச் சிறு தொகை கொடுக்கும் முறை வியட்நாமில் இருந்தது. பணம் போன உயிரைக் கொண்டுவராது. ஆனால், தவறு நடந்தது என்று ஒருவர் வந்து ஒப்புக்கொள்வதே அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆறுதல்.

ஐந்தாவது வேலை, குற்றம் நடந்தால் வழக்கு நடத்துவது. குற்றம் சாட்டப்பட்ட சிப்பாய்க்காக வாதாடுவதும் இன்னோர் இராணுவ வழக்கறிஞரின் கடமை. அவருக்கும் நியாயமான விசாரணை கிடைக்க வேண்டும் அல்லவா?

கேட்பதற்கு எல்லாம் நன்றாக இருக்கிறது. நடைமுறையில் எப்படி? இந்த நூற்றாண்டில் நடந்த ஒன்றையும் பார்ப்போம்.

2003 மார்ச் மாதம் பிரிட்டிஷ் படை ஈராக்கில் நுழைந்தது. அதன் தலைமைச் சட்ட அதிகாரி நிக்கலஸ் மெர்சர் என்னும் லெப்டினன்ட் கர்னல். கைதிகள் முகாம் ஒன்றில், தலையில் சாக்கு மாட்டி, கைகளைப் பின்னால் கட்டி, வெயிலில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்களை அவர் கண்டார். இது சட்ட விரோதம் என்று உடனே எழுத்து மூலம் ஆட்சேபித்தார். மேலிடத்தில் அவருடைய கருத்தை எல்லாரும் விரும்பவில்லை. சாக்கு மாட்டுவதை நிறுத்தும்படி உத்தரவு பிறந்தது. ஆனால், அடுத்தடுத்து வந்த படைப்பிரிவுகளுக்கு அது தெளிவாகப் போய்ச் சேரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் மாதம், பாஸ்ரா நகரில் ஓட்டல் வரவேற்பாளராக வேலை செய்த பகா மூசா என்னும் 26 வயது இளைஞர் பிடிபட்டார். தலையில் சாக்கு மாட்டப்பட்டு, அடித்துத் துன்புறுத்தப்பட்டு, காவலிலேயே இறந்தார். அவர் உடலில் 93 காயங்கள் இருந்தன.

நேயர்களே, வேதனையான செய்தி என்னவென்றால், இது ஏற்கெனவே தடை செய்யப்பட்ட முறை. தலையில் சாக்கு மாட்டுவது, சுவரோடு நிற்க வைப்பது, காது செவிடாகும்படி இரைச்சல் எழுப்புவது, தூங்க விடாமல் செய்வது, சாப்பாடு தண்ணீர் கொடுக்காமல் வைப்பது ஆகிய 5 முறைகளையும் 1971 இல் வட அயர்லாந்தில் கைதிகள் மீது பயன்படுத்தினார்கள். அதை ஆராய்ந்த பிரிட்டிஷ் குழு, இவற்றில் சிலவோ பலவோ முன்பே பாலஸ்தீனம், மலாயா, கென்யா, சைப்பிரஸ் முதலிய நாடுகளில் கையாளப்பட்டவை என்று கூறியது. நம் நாட்டின் பெயரும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். 1972 மார்ச் மாதம் பிரதமர் ஹீத், இனி இவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 31 ஆண்டுகளில் அந்தத் தடையைப் படைகள் மறந்துபோயின. பகா மூசாவின் மரணத்தை ஆராய்ந்த நீதிபதி கேஜ் 2011 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், இது பாதுகாப்பு அமைச்சின் அமைப்பு முழுவதற்கும் உரிய தவறு என்று கண்டித்தார். தடுத்து நிறுத்தச் சட்டம் இருந்தது. எச்சரிக்கை செய்யச் சட்ட அதிகாரியும் இருந்தார். சட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் இல்லை. வாய்ப்பாடு புத்தகத்தில் இருந்து பயன் என்ன? பிள்ளையின் நாவில் இருந்தால்தானே கணக்கு வரும்?

இன்னொரு குறையையும் மறைக்கக்கூடாது. இராணுவ வழக்கறிஞரும் சீருடை அணிந்தவர். சம்பளமும் பதவி உயர்வும் அதே படையிலிருந்துதான் அவருக்கு வருகின்றன. அவர் ஆலோசனை சொல்லலாம், முடிவு தளபதியுடையது. 2003 ஆம் ஆண்டு, கைதிகளைக் கடுமையாக விசாரிக்கலாம் என்று அமெரிக்க அரசின் சிவில் வழக்கறிஞர்கள் கருத்து எழுதினார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரீன் படை ஆகிய நான்கின் மூத்த சட்ட அதிகாரிகளும் அதை எழுத்து மூலம் ஆட்சேபித்தனர். நாளை நம் சிப்பாய்கள் பிடிபட்டால் அவர்களுக்கும் இதே கதி நேரும் என்று எச்சரித்தனர். மறு ஆண்டே அபு கிரைப் சிறைச்சாலைப் படங்கள் வெளிவந்து, உலகமே முகம் சுளித்தது. அந்த ஆட்சேபக் கடிதங்கள் 2005 ஆம் ஆண்டுதான் மக்கள் பார்வைக்கு வந்தன. சட்டம் படித்தவர்களே இரு பக்கமும் நின்றார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது. கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும்.

படைவீரரின் கையைச் சட்டத்தால் கட்டிப்போட்டால் அவர் எப்படிச் சண்டை போடுவார் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தன்னைச் சுடுகிறவனைத் திருப்பிச் சுட எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. ஆயுதமில்லாதவரைச் சுடாதே, பிடிபட்டவரை அடிக்காதே என்றுதான் சொல்கிறது. இந்தக் கட்டுப்பாட்டால் சிப்பாய்க்கும் நன்மை உண்டு. தவறான கட்டளையை மறுக்க அவருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. வயதான காலத்தில் நிம்மதியாகத் தூங்கவும் முடிகிறது. பத்தாங்காலியில் சுட்ட சிப்பாய்கள் சிலர் 21 ஆண்டுகள் கழித்து வாய் திறந்தார்கள் என்றால், அத்தனை ஆண்டுகள் அவர்கள் மனத்தில் எவ்வளவு பாரம் இருந்திருக்கும்!

இதையெல்லாம் கேட்டு நாம் என்ன செய்யப் போகிறோம்? தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் பிள்ளைகளில் யாராவது நாளை படையிலோ போலீசிலோ சேரலாம். அப்படிச் சேர்ந்தால், உத்தரவுக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுப்பது போலவே, எந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியக்கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். வேறு சில பிள்ளைகள் சட்டம் படிக்கலாம். அதிகாரம் உள்ளவருக்கு முன்னால் உண்மையைச் சொல்லத் துணிவில்லாத சட்டப் படிப்பால் ஏழைக்குப் பயன் இல்லை என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. அவசரகாலத்தை நேரில் கண்ட முதியவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வேலி எங்கே இருந்தது, சோதனை எப்படி நடந்தது, யார் பிடிபட்டார், யார் திரும்பி வரவில்லை என்பதையெல்லாம் ஆண்டும் பெயரும் போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பத்தாங்காலிக் குடும்பங்கள் இலண்டன் நீதிமன்றத்தின் வாசல்படி வரை சென்றது, அவர்கள் மறக்காமல் இருந்ததால்தான். வழக்கில் அவர்கள் தோற்றார்கள். ஆனால், இறந்தவர்கள் ஓடினார்கள் என்று இன்று யாரும் அவர்கள் முகத்துக்கு முன்னால் சொல்லத் துணிவதில்லை.